கல்லூரிக் கூடைப்பந்து வீரர்கள் படிப்பை முடிக்காமல் என்பிஏ டிராஃப்டுக்குப் போவது சரியா?

டிராஃப்ட் என்பது, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் அணிகள் ஆண்டுதோறும் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி. அதில் முதல் சுற்றில் எடுப்பார்கள் என்பது உறுதியானால் போகத்தான் வேண்டும். கேள்வியின் தொனியைப் பார்த்தால், அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் நம் பெற்றோரில் ஒருவர் நீங்கள் என்று தோன்றுகிறது. பையன் பள்ளி அணியில் ஆடுகிறான், வீட்டில் இப்போதே வாக்குவாதம் தொடங்கிவிட்டது. அப்படி இல்லையென்றால் மன்னியுங்கள்.

டிராஃப்டில் இரண்டே சுற்றுகள், மொத்தம் அறுபது பேர்வரை எடுப்பார்கள். முதல் சுற்றில் வருபவருக்கு நிர்ணயித்த அட்டவணைப்படி சம்பளம். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அது உறுதி. இரண்டாம் சுற்றில் வருபவருக்கு அந்த உறுதி கிடையாது. முப்பதாவது ஆளுக்கும் முப்பத்தோராவது ஆளுக்கும் ஆட்டத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது, வாழ்க்கையில் இருக்கும்.

முனைவர் பட்ட ஆய்வின்போது, மத்திய மேற்குப் பகுதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் விளையாட்டு வீரர்களுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தேன். அவர்களில் ஒருவன் கூடைப்பந்து அணியில் இரண்டாம் ஆண்டு மாணவன். நல்ல புத்திசாலி. இரவு ஆட்டம் முடித்துவிட்டு, முழங்காலில் பனிக்கட்டிப் பையைக் கட்டிக்கொண்டு கணக்குப் போடுவான். அவனுடைய எண் பொறித்த சட்டை வளாகக் கடையில் விற்றது. அதில் ஒரு காசு வாங்கினாலும், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் அப்போதைய விதிப்படி ஆடும் தகுதி போய்விடும். ஊரில் அவன் அம்மா வாடகை பாக்கிக்குத் தவணை கேட்டுக்கொண்டிருந்தார். கனெக்டிகட் பல்கலைக்கழக அணியைச் சாம்பியனாக்கிய ஷபாஸ் நேப்பியர், சில இரவுகளில் பசியோடு படுத்ததாக 2014-இல் சொன்னபோது பலர் நம்பவில்லை. நான் நம்பினேன்.

அரங்கில் பணம் கொழிக்காமல் இல்லை.

2015-இல் அந்த மாணவன் டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தான். அப்போதைய விதியின் கொடுமையைக் கேளுங்கள். கல்லூரிக்குத் திரும்ப நினைப்பவர் ஏப்ரலிலேயே பெயரைத் திரும்பப் பெற்றாக வேண்டும். என்பிஏ அணிகள் வீரர்களை அளந்து பார்க்கும் சிகாகோ முகாமோ மே மாதத்தில். தன் மதிப்பு என்னவென்று தெரியும் முன்பே முடிவெடுக்க வேண்டும்! முதல் சுற்று நிச்சயம் என்று அவனைச் சுற்றியிருந்தவர்கள் சொன்னார்கள். எந்த அணியும் எடுக்கவில்லை. கல்லூரி ஆட்டத்துக்கும் திரும்ப வழியில்லை.

துறையில் சிலர் “வாழ்க்கையைக் கெடுத்துக்கொண்டான்” என்றார்கள். அப்படியா? என்பிஏவுக்கு அடுத்த நிலை லீகான, அப்போது ஆண்டுக்கு அதிகபட்சமே சுமார் 25,000 டாலர் கிடைத்த டி லீகில் ஓர் ஆண்டு ஆடினான். பிறகு துருக்கி, அதன்பின் பிலிப்பைன்ஸ். அம்மாவுக்கு வீடு வாங்கிக்கொடுத்துவிட்டான். பட்டம் இன்னும் முடியவில்லை. முடிக்காவிட்டாலும் என் கண்ணில் அவன் மதிப்புக் குறையாது.

கல்வியை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். நான் சோறு தின்பதே படிப்பால்தான். அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காக நான்கு ஆண்டுகளும் படித்து முடித்து, 1997-இல் முதல் ஆளாகத் தேர்வான டிம் டங்கனை வணங்குகிறேன். ஆனால் பட்டத்தைப் பிறகும் வாங்கலாம். என்பிஏ நட்சத்திரங்களில் ஷாகில் ஓ’நீல் 2000-இல் வாங்கினார், ஸ்டெஃபன் கர்ரி 2022-இல் வாங்கினார். இருபது வயது முழங்காலைப் பிறகு வாங்க முடியாது. ஒருவன் கதையை வைத்துப் பொதுவாகப் பேசுவதாகவும் சொல்வீர்கள். அந்த ஒருவனைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான்.

இப்போது நிலைமை வேறு. 2016-இல் விதி மாறியது. முகாமில் அணிகளின் கருத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பலாம். 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 முதல் பல்கலைக்கழகங்களே அவர்களுக்கு நேரடியாகப் பணம் தருகின்றன. இந்த மாற்றங்களும் ஒரு காரணமாக, 2021-இல் 353 பேர் முன்கூட்டியே பெயர் கொடுத்த இடத்தில் 2025-இல் 106 பேர் மட்டுமே கொடுத்தார்கள். பர்டூ பல்கலைக்கழக வீரர் சாக் ஈடி 2023-இல் பெயர் கொடுத்து, திரும்பி வந்து, மறு ஆண்டு ஒன்பதாவது ஆளாகப் போனார்.

ஆகவே உங்கள் பையன் அந்த நிலைக்கு வந்தால் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். முகாமுக்கு அழைப்பு வந்தால் போகட்டும். முதல் சுற்று என்று அணிகளே சொன்னால் தடுக்காதீர்கள். இரண்டாம் சுற்று என்றால், கெடு முடியும் முன்பே பெயரைத் திரும்பப் பெறச் சொல்லுங்கள். முகவரை அமர்த்துவதானால் என்சிஏஏ அங்கீகாரம் பெற்றவரா என்று பாருங்கள். இல்லையென்றால் திரும்பும் வழி அடைபட்டுவிடும்.