குறிப்பில் உள்ளபடியே செய்தும் கேரட் சீஸ்கேக் நடுவில் வெடிப்பது ஏன்? எழுதிவைத்த சமையல் குறிப்பை நம்பலாமா?

நம்பலாம். ஆனால் சமையல் குறிப்பு என்பது பாதி தெரிந்தவருக்கு எழுதும் துண்டுச்சீட்டு. மீதிப் பாதி எழுதியவர் கையிலேயே தங்கிவிடும்.

(சிங்கப்பூர் உணவங்காடியில் 'கேரட் கேக்' கேட்டால் வெள்ளை முள்ளங்கியும் அரிசி மாவும் சேர்த்து அவித்ததை முட்டை போட்டு வறுத்துத் தருவார்கள். எனக்கு அதுவும் பிடிக்கும், குறிப்பாக இனிப்புச் சோயா சாஸ் சேர்த்த கறுப்பு வகை. இங்கே பேச்சு ஓவனில் வேகும் சமாசாரம்.)

நான் முதன்முதலில் இதைச் செய்தது ஒரு தீபாவளிக்கு. விரல் நுழையும் அளவுக்கு நடுவில் பிளந்துவிட்டது. பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அத்தைமாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) பார்த்துச் சிரித்துவிட்டு, எவ்வளவு நேரம் வைத்தாய் என்றார். குறிப்பில் 70 நிமிடம் என்று இருந்தது, 70 நிமிடம் வைத்தேன் என்றேன். "ஆட்டிப் பார்த்தாயா? அகாக் அகாக் லா!" என்றார். மலாய்க்காரர்கள் கண்ணளவாகச் சமைப்பதற்குச் சொல்லும் வார்த்தை அது. நம் வீட்டில் அதற்குப் பெயர் பதம். அம்மாவின் நோட்டில் அதிரசத்துக்கு இரண்டே வரி: பச்சரிசி ஒரு படி, வெல்லம் முக்கால், ஏலக்காய், பதம் பார்த்து இறக்கவும். பாகைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்க்கவேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை. அது தெரியாதவர் அந்த நோட்டைத் திறக்கமாட்டார் என்று நினைத்திருப்பார்.

பழைய குறிப்புகள் எல்லாமே இப்படித்தான். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பாபிலோனியக் களிமண் பலகைகள் இருக்கின்றன, சுமார் 3,700 வருடப் பழசு. பெரும்பாலும் குழம்பு வகைகள். இன்னின்னது போடு என்று வரிசையாக வரும், எவ்வளவு என்பது அநேகமாக இருக்காது. சீஸ்கேக்குக்கே வருவோம். ரோமாபுரியின் கேட்டோ கி.மு. 160 வாக்கில் எழுதிய விவசாய நூலில் 'லிபும்' என்று ஒரு பலகாரம் உண்டு: இரண்டு ராத்தல் பாலாடைக்கட்டியை உரலில் அரை, ஒரு ராத்தல் மாவு சேர், மிருதுவாக வேண்டுமானால் நயமான மாவு அரை ராத்தல் போதும், ஒரு முட்டை, இலையின் மேல் வைத்து, சூடான அடுப்பில் சட்டியால் மூடி, மெதுவாகச் சுடு. அளவெல்லாம் கச்சிதம். எவ்வளவு நேரம்? மூச்சு விடவில்லை.

பொருளின் அளவையும் வேகும் நேரத்தையும் குறிப்பின் கடைசியில் தனியாகத் தொகுத்துத் தந்தவர் இங்கிலாந்தின் எலைசா ஆக்டன், 1845இல். 'முட்டை அளவு வெண்ணெய்' என்று எழுதிக்கொண்டிருந்த காலத்தில், கோப்பையைத் தலைதட்டி அளக்கச் சொன்னவர் அமெரிக்காவின் ஃபானி ஃபார்மர், 1896இல். பாட்டி பக்கத்தில் இல்லாத பெண்களுக்கு அது பெரிய உபகாரம். ஆனால் கோப்பையும் ஊருக்கு ஊர் மாறும். ஆஸ்திரேலியப் புத்தகத்தில் ஒரு மேசைக்கரண்டி 20 மில்லி, மற்ற இடங்களில் 15. 'அறை வெப்பநிலையில் இரண்டு மணி நேரம் வை' என்பதும் குளிர்நாட்டுக்காரர் எழுதியது. நம் அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் கிரீம் சீஸ் அரை மணியில் இளகிவிடும்.

சரி, உங்கள் கேக். 20 செ.மீ. அச்சுக்கு 150 கிராம் டைஜெஸ்டிவ் பிஸ்கட்டைப் பொடித்து, 70 கிராம் உருக்கிய வெண்ணெயில் பிசைந்து அடியில் அழுத்துங்கள். மேலே 500 கிராம் கிரீம் சீஸ், 130 கிராம் சர்க்கரை, 3 முட்டை, 100 கிராம் கெட்டித் தயிர், ஒரு மேசைக்கரண்டி சோளமாவு (கார்ன்ஃப்ளார்), ஏலக்காய். கேரட் 200 கிராம். அதில் கிட்டத்தட்ட 88 சதவீதம் தண்ணீர்தான், அதனால் பச்சையாகத் துருவிப் போட்டால் கேக் சொதசொதவென்று ஆகும். நான் அல்வாவுக்கு வதக்குவதுபோல ஒரு கரண்டி நெய்யில் ஈரம் வற்றும்வரை வதக்கி, ஆறவைத்து, அரைத்துச் சேர்க்கிறேன். முட்டை போட்டபின் நுரைக்க அடிக்காதீர்கள். உள்ளே போகும் காற்று ஓவனில் உப்பி, பிறகு அமுங்கும்போது மேல்பரப்பு கிழியும்.

160 டிகிரியில், வெந்நீர்த் தட்டுக்குள் அச்சை வைத்து, 45 நிமிடத்திலிருந்தே பார்க்கத் தொடங்குங்கள். அச்சை லேசாகத் தட்டினால் ஓரம் அசையாமல் நிற்கவேண்டும், நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கெட்டித் தயிர்போல ஆடவேண்டும். அப்போதே ஓவனை அணைத்து, கதவை ஒரு மரக்கரண்டி இடுக்கில் திறந்துவைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். மிச்சம் அந்தச் சூட்டிலேயே இறுகிவிடும். நடுவும் கெட்டியாகும்வரை காத்திருந்தால் முட்டையின் புரதம் அளவுக்கு மீறிச் சுருங்கி, ஆறும்போது பிளக்கும். உங்கள் கேக்குக்கும் இதுதான் நடந்திருக்கும்.

ஏற்கெனவே பிளந்ததைத் தூக்கிப்போடாதீர்கள். இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் மேலே கெட்டித் தயிரைச் சர்க்கரையோடு அடித்துப் பூசி, நெய்யில் வறுத்த முந்திரியைத் தூவிவிடுங்கள். நான் அன்று அப்படித்தான் பரிமாறினேன். மக்சிக்கைத் தவிர யாருக்கும் தெரியாது.