அடுப்படி பக்கத்தில் எட்சிங் போடலாமா?

கல்லூரியில் துத்தநாகத் தகட்டை நைட்ரிக் அமிலத்தில் போட்டு எட்சிங் (தகட்டில் கோடுகளை அரித்து, மை தடவிப் படம் அச்சிடுவது) செய்தேன். இப்போது வாடகை வீடு, மூன்று வயதுக் குழந்தை. 'நச்சில்லா எட்சிங்' என்கிறார்களே, நம்பி இறங்கலாமா? (வாசகி, திருநெல்வேலி)

முதலில் நைட்ரிக் அமிலத்தை மறந்துவிடுங்கள். அதிலிருந்து எழும் பழுப்புப் புகை நைட்ரஜன் டை ஆக்சைடு, சுவாசித்த உடனே பெரிதாக ஒன்றும் தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் நுரையீரலில் வேலையைக் காட்டும். சன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்பதெல்லாம் சும்மா.

துத்தநாகத்துக்கு மாற்று, நம் விவசாயிகளுக்கு நன்றாகத் தெரிந்த மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட். சுண்ணாம்போடு சேர்த்துத் திராட்சைக் கொடிக்கு அடிக்கிற போர்டோ கலவை இருக்கிறதே, அதில் இருப்பதுதான். செட்ரிக் கிரீன் என்ற கலைஞர் இந்தக் கரைசலில் தகடு அரித்து, அதற்கு 'போர்டோ எட்ச்' என்றே பெயரும் வைத்தார். துத்தநாகம் கரையக் கரைய, செம்பு பொடியாகக் கோடுகளில் படியும், கோழி இறகால் மெல்லத் தள்ளிவிட வேண்டும். செம்புத் தகடு என்றால் எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் சர்க்யூட் போர்டு அரிக்கும் ஃபெரிக் குளோரைடு. அதில் தகட்டைச் செங்குத்தாகத் தொங்கவிடுங்கள், படுக்க வைத்தால் வண்டல் கோட்டை அடைத்துவிடும். கொஞ்சம் சிட்ரிக் ஆசிட் சேர்த்தால் அந்த வண்டலும் கரையும்.

ஆனால் 'நச்சில்லா' என்ற சொல்லோடு எனக்குச் சண்டை உண்டு. புகை இல்லை, அவ்வளவுதான். மயில்துத்தம் வாயில் போனால் விஷம், சாக்கடையில் ஊற்றினால் மீனுக்கும் விஷம். தீர்ந்த கரைசலில் இரும்பு நாரைப் போட்டு வைத்தால் செம்பு அடியில் இறங்கிவிடும். மூன்று வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் நானாக இருந்தால் இதையும் தள்ளிப்போட்டு, ஜூஸ் வரும் டெட்ரா பேக்கைப் பிரித்துக் கழுவி, உள்பக்கப் பளபளப்பில் ஊசியால் கீறி, அமிலமே வேண்டாத டிரைபாயிண்ட் முறையில் அச்சுப் போடுவேன். ஊசியை மட்டும் எண்ணி வைக்க வேண்டும்!

அச்சுக் கலைஞர் கிருஷ்ணா ரெட்டி ஒரே தகட்டில் பல நிறம் ஏற்றியது எப்படி? (வாசகர், புதுச்சேரி)

சித்தூர் பக்கத்துக்காரர், நம் கலாக்ஷேத்ராவிலும் பணியாற்றியவர், அப்புறம் பாரிஸில் ஹேய்ட்டர் என்ற அச்சுக் கலைஞரின் அட்டெலியே 17 பட்டறைக்குப் போனார். விஷயம் எண்ணெயில் இருக்கிறது. எண்ணெய் அதிகம் கலந்த மையைக் கடினமான ரோலரால் உருட்டினால் தகட்டின் மேட்டில் மட்டும் ஒட்டும். அடுத்து, எண்ணெய் குறைந்த கெட்டி மையை மெத்தென்ற ரோலரால் உருட்டினால் அது பள்ளத்துக்குள் இறங்கும், மேட்டில் இருக்கும் எண்ணெய் மை அதை ஒட்டவிடாது.

பள்ளியில் லினோகட் (லினோலியம் பலகையைச் செதுக்கி, மை பூசி அச்சிடுவது) சொல்லித் தருகிறேன். பிரஸ் இல்லை, மையைக் கழுவ மண்ணெண்ணெய்தான் இருக்கிறது. வேறு வழி? (ஆசிரியர், மதுரை)

பிரஸ் வேண்டாம், கரண்டியின் முதுகால் காகிதத்தை அழுத்தித் தேயுங்கள். லினோ கெட்டியாக இருந்தால் வெயிலில் வைத்துவிட்டுச் செதுக்கச் சொல்லுங்கள். உளி போகும் பாதையில் இன்னொரு கை இருக்கவே கூடாது, மையைவிட இதுதான் ஆபத்து. எண்ணெய் மைக்குச் சமையல் எண்ணெய் விட்டுத் துணியால் துடைத்து, பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு. நல்லெண்ணெயை வீணாக்க வேண்டாம், மலிவான பாமாயில் போதும்.