அமுங்கினால் நல்ல ஷூவா? - கோர்ட்டோரக் கேள்வி பதில்

ஜூன் மாதம் வந்தால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி ஷூ பற்றித்தான் இருக்கும். பள்ளி திறக்கிறது, கூடைப்பந்து அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், பிள்ளைகள் வீட்டில் போய்ப் பணம் கேட்கிறார்கள். 31 வருடம் பி.டி. டீச்சராக இருந்தவளிடம், அதிலும் முழங்கால் தேய்ந்தவளிடம் யோசனை கேட்பது நியாயம்தான். இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு ஷூவை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கே: மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளி அணியில் சேர்த்திருக்கிறார்கள். எடை 42 கிலோ. கடையில் இரண்டு ஷூ காட்டினார்கள். ஒன்று அழுத்தினால் தலையணை மாதிரி அமுங்குகிறது, இன்னொன்று கல் மாதிரி இருக்கிறது. விலை ஏறக்குறைய ஒன்றுதான். அமுங்குவதுதான் முழங்காலுக்கு நல்லது என்கிறார் கடைக்காரர். எதை வாங்குவது?
*- ஒரு தாய், கரூர்*

ப: கட்டை விரலால் அழுத்திப் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான், தேங்காயைத் தட்டிப் பார்க்கிற மாதிரி. ஆனால் உங்கள் மகள் லே-அப் (ஓடிவந்து எழும்பி வளையத்துக்குப் பக்கத்திலிருந்து பந்தைப் போடுவது) போட்டுவிட்டு ஒற்றைக் காலில் இறங்கும்போது, அவள் எடையைப் போலப் பல மடங்கு விசை அந்தக் காலில் இறங்குகிறது. கட்டை விரலுக்கு அந்தக் கணக்கு தெரியாது.

கட்டட வேலையில் செங்கல் ஏற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா? கீழே நிற்பவர் வீசுவார், சாரத்தில் நிற்பவர் பிடிப்பார். கையை விறைப்பாக வைத்துக்கொண்டு பிடித்தால் உள்ளங்கை பிய்ந்துவிடும். கல் வரும் போக்கிலேயே கையைக் கொஞ்சம் பின்னால் வாங்கிக்கொண்டு பிடிப்பார். ஷூவின் குஷன் செய்வதும் அதேதான். நிற்பதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுக்கிறது, அதனால் அடி குறைகிறது.

ஆனால் கையைப் பின்னால் வாங்க இடம் இருக்க வேண்டுமே. ரொம்ப மெத்தென்ற சோலில் கனமான ஆள் குதித்தால் அது முழுக்க நசுங்கிவிடும். அதற்கப்புறம் அவர் இறங்குவது நேராக சிமென்டில்தான். இன்னொரு பக்கம், 90 கிலோ ஆளை மனதில் வைத்துச் செய்த சோல் உங்கள் மகளின் 42 கிலோவுக்கு அசைந்தே கொடுக்காது. அவளுக்கு அது மரக்கட்டை. ஆகவே நீங்கள் கல் என்கிற ஷூ நிஜமாகவே அவளுக்குக் கல்லாக இருக்கலாம். அதை அவள் கால்தான் சொல்ல வேண்டும், கடைக்காரர் அல்ல.

இன்னொரு சிக்கலும் உண்டு. கூடைப்பந்தில் பாதி ஓட்டம் பக்கவாட்டில். எதிராளியை மறித்துச் சறுக்கி நகரும்போது சோலின் வெளி ஓரம் ஒரேயடியாக அமுங்கினால் பாதம் அந்தப் பக்கம் சாயும், கணுக்கால் புரளும். ஆஸ்திரேலியாவில் 10,000-க்கும் மேற்பட்ட ஆட்டப் பங்கேற்புகளை (ஒருவர் ஓர் ஆட்டம் ஆடினால் ஒன்று) கவனித்து 2001-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், குதிகாலில் காற்றறை வைத்த ஷூ போட்டவர்களுக்குக் கணுக்கால் அடிபடும் வாய்ப்பு 4.3 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். இதைப் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஏர் ஷூவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது அந்தக் காலத்து ஷூக்களை வைத்துச் சொன்னது. அதே ஆய்வில், ஏற்கெனவே ஒருமுறை அடிபட்ட கணுக்காலுக்கு மறுபடி அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய 5 மடங்கு. எனக்கு அந்த எண்தான் பெரிதாகத் தெரிகிறது. மகளுக்கு முன்பே சுளுக்கு வந்திருந்தால், மெத்தென்றதைத் தொடவே வேண்டாம்.

மறுபடி கடைக்குப் போங்கள், சாயங்காலமாக. அதற்குள் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஆடும்போதும் அப்படித்தான் இருக்கும். ஆடும்போது போடும் சாக்ஸையே போடச் சொல்லுங்கள். இரண்டு கால்களையும் சேர்த்து ஐந்து தடவை குதிக்கட்டும், அப்புறம் வலமும் இடமும் வேகமாக நகரட்டும். பாதம் சோலைத் தாண்டி வெளியே வழிகிற மாதிரி இருந்தால் அந்த ஷூ வேண்டாம். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும், காசு உங்களுடையது.

கே: மிஸ், ஷூ நல்லா வளையணுமா, விறைப்பா இருக்கணுமா? என் நண்பன் அவன் ஷூவை இரண்டாக மடித்துக் காட்டி, இதுதான் தரம் என்கிறான்.
*- பிளஸ் ஒன் மாணவன், தேனி*

ப: எந்த இடத்தில் மடிந்தது என்று பார்த்தாயா? அதை விட்டுவிட்டாயே தம்பி.

ஒரு கையில் குதிகால், இன்னொரு கையில் முனையைப் பிடித்து அழுத்து. விரல்கள் பாதத்தோடு சேருகிற இடத்தில் வளைந்தால் சரி. நம் பாதமே அங்கேதான் மடங்குகிறது. நட்ட நடுவில் பூரி மாதிரி மடிந்தால் அதை வைத்துவிட்டு வந்துவிடு. அடுத்து, ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கிப் பார். நடுப்பகுதி எளிதில் முறுகக் கூடாது. நல்ல ஷூக்களில் அதற்காகவே நடுவில் ஒரு கெட்டித் தகடு வைக்கிறார்கள். 1995-இல் வந்த ஏர் ஜோர்டான் 11 என்ற கூடைப்பந்து ஷூவில் கார்பன் ஃபைபர் தகடே வைத்திருந்தார்கள்.

விறைப்புக்கு ஒரு லாபம் உண்டு. குதிக்க எழும்பும்போது விரல் மூட்டு மடங்குகிறது. மடங்கும்போது கொஞ்சம் சக்தியை விழுங்குகிறது, தரையை விட்டுக் கிளம்புவதற்குள் அதைத் திருப்பித் தருவதில்லை. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஸ்டெஃபனிஷின், நிக் என்ற இருவர் ஷூவுக்குள் கார்பன் தகடு வைத்துக் குதிக்கச் சொல்லிப் பார்த்தார்கள். 2000-இல் வந்த அந்த ஆய்வில் சராசரியாக 1.7 சென்டிமீட்டர் கூடுதலாகக் குதித்தார்கள். ஒரு விரல் அகலம். ரீபவுண்டில், அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்துக்குப் போட்டி போடும்போது, பந்து இரண்டு கைகளுக்கு நடுவே தொங்கினால் ஒரு விரல் என்பது பெரிய சமாசாரம். ஆனால் அது சராசரி, உனக்கு அவ்வளவு கிடைக்கும் என்று அர்த்தமில்லை. விறைத்த சோலை வளைக்கக் கெண்டைக்காலில் பலமும் வேண்டும்.

மே மாதம் உங்கள் ஊர்ப்பக்கம் பெரியகுளத்தில் அகில இந்தியப் போட்டி நடக்கும் இல்லையா, அடுத்த தடவை போனால் ஐந்து நிமிடம் பந்தைப் பார்க்காமல் கால்களை மட்டும் பார். கார்டாக, அதாவது பந்தைத் தட்டிக்கொண்டு வந்து ஆட்டத்தை நடத்துபவராக ஆடுபவர் முன்பாதத்திலேயே நின்று நொடிக்கொரு தடவை திரும்பிக்கொண்டிருப்பார். அவருக்கு வளைய வேண்டும், தரை காலில் தட்டுப்பட வேண்டும். ரிங்குக்குக் கீழே முட்டி மோதும் சென்டருக்கு விறைப்பும் கனத்த குஷனும் தேவை. நீ யார் என்று எழுதவில்லை. கார்டு என்றால் உன் நண்பனிடம் இரவல் கேட்காதே, சென்டர் என்றாலும் கேட்காதே.

புது ஷூ போட்டிக்கு ஒரு வாரம் முன்பே பயிற்சிக்கு வந்துவிட வேண்டும். கல்லூரியில் படித்தபோது நான் பெட்டியைப் பிரித்த ஷூவோடு நேராக இறுதி ஆட்டத்துக்கு இறங்கினேன். இரண்டாம் பாதியில் இரண்டு குதிகாலிலும் கொப்புளம். தோற்றோம். ஷூவால்தான் தோற்றோம் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன், என் கூட ஆடியவர்கள் நம்புவதில்லை.

கே: அண்ணன் ஆறு வருடத்துக்கு முன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய விலை உயர்ந்த ஷூ. வீணாக்க மனமில்லாமல் பெட்டியிலேயே வைத்திருந்தேன். போன வாரம் போட்டு ஆடினேன். பத்தே நிமிடத்தில் அடிப்பாகம் உதிர்ந்துவிட்டது. போலியா?
*- பெயர் வேண்டாம், நாகர்கோவில்*

ப: அசலாகவே இருந்திருக்கும். சில ஷூக்களின் நடு அடுக்கு பாலியுரேத்தேன் என்ற பொருளால் ஆனது. காற்றிலிருக்கும் ஈரம் அதை மெல்ல மெல்லச் சிதைத்துவிடும். போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. உங்கள் ஊர்க் கடல்காற்றில் ஆறு வருடம் இருந்தால் பிட்டு மாதிரி உதிராமல் என்ன செய்யும்? காஞ்சிப் பட்டு மாதிரி பீரோவில் வைத்துப் பார்க்கிற பொருள் இல்லை ஷூ. அண்ணனிடம் சொல்லாதீர்கள்.

கே: அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். சிமென்ட் கோர்ட். பிள்ளைகள் கேன்வாஸில் ஆடுகிறார்கள், சிலர் வெறுங்காலில். முன்னாள் மாணவர் ஒருவர் 12 பேருக்கு ஷூ வாங்கப் பணம் தந்திருக்கிறார், ஆனால் பெரிய தொகை அல்ல. எதைப் பார்த்து வாங்கட்டும்?
*- ஆசிரியர், விழுப்புரம் மாவட்டம்*

ப: வணக்கம் சார். முதலில் அந்த முன்னாள் மாணவருக்கு என் வணக்கம்.

கேன்வாஸைக் கேவலமாக நினைக்க வேண்டாம். 1917-இல் வந்த கான்வெர்ஸ் ஆல் ஸ்டார் வெறும் துணியும் ரப்பரும்தான். 1960-கள் வரை அமெரிக்கத் தொழில்முறை வீரர்களே அந்த மாதிரி ஷூவில் ஆடினார்கள். ஆனால் அவர்கள் ஆடியது மரத்தரையில். பலகைக்கு அடியில் சட்டம் அடித்துப் போட்ட தரை கொஞ்சம் தழைந்து கொடுக்கும், அதாவது பாதி குஷன் தரையிலேயே இருக்கிறது. நம் சிமென்ட் எதையும் தராது. மரம் செய்கிற வேலையையும் சேர்த்து நம் ஷூ செய்ய வேண்டியிருக்கிறது.

அப்படியிருந்தும் உங்கள் பணத்தை முதலில் அடி ரப்பரில் போடுங்கள். உள்ளரங்கத்துக்கென்று செய்த மென்மையான ரப்பர் சிமென்டில் உப்புத்தாள் பட்ட மாதிரி தேய்ந்துவிடும். கோடு தேய்ந்த ஷூ மணல் படிந்த கோர்ட்டில் வழுக்கும், வழுக்கினால் எந்தக் குஷனும் காப்பாற்றாது. கெட்டி ரப்பர், ஆழமான கோடுகள். அதற்கு அடுத்தது குஷன். வளைவதைக் கடைசியாகப் பாருங்கள், வளரும் பிள்ளைகளுக்கு மிதமாக வளைந்தாலே போதும்.

விலை குறைந்த ஷூக்களில் இருப்பது பெரும்பாலும் இ.வி.ஏ. நுரை. உள்ளே முழுக்கக் குட்டிக் குட்டிக் காற்றுக்குமிழிகள். ஒரு மணி நேரம் குதித்தால் நசுங்கும், விட்டுவைத்தால் ஓரளவு மீளும், பல மாதம் ஆனால் மீளாது. சூடு பட்டால் இன்னும் தளர்ந்துபோகும். எனவே காலைப் பயிற்சிக்கு ஒருவன், மாலைக்கு இன்னொருவன் என்று ஒரே ஜோடியைப் பங்கு போட வேண்டாம். நனைந்ததை மொட்டை மாடி வெயிலில் போட வேண்டாம், நிழலில் செய்தித்தாள் திணித்துக் காயவிடுங்கள்.

தனியாக இன்சோல் (ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் வைக்கும் மெத்தைத் தாள்) வாங்கி வைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். என் கதையைச் சொல்கிறேன். என் முதல் ஷூவும் கேன்வாஸ்தான். முன்கால் எலும்பு ராத்திரியெல்லாம் வலிக்கும். அப்பாவின் பழைய ஹவாய் செருப்பை அரிவாள்மனையில் அறுத்து உள்ளே வைத்தேன். ஆஹா, மேகத்தில் நடக்கிற மாதிரி! இரண்டாவது நாள் கணுக்கால் சுளுக்கு. செருப்பின் உயரத்துக்குக் குதிகால் ஷூவை விட்டு மேலே ஏறிவிட்டது, பிடிமானமே இல்லை. அப்பாவிடம் செருப்புக்காகத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆகவே இன்சோல் வைத்தால், ஏற்கெனவே உள்ளே இருக்கும் தாளை எடுத்துவிட்டு வையுங்கள். வைத்த பிறகு குதிகால் தூக்கிக்கொண்டு வருகிறதா என்று நடக்கவிட்டுப் பாருங்கள்.

காசு செலவில்லாத குஷன் ஒன்று உண்டு. பிள்ளைகளை வரிசையாகக் குதிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் திரும்பி நின்றுகொள்ளுங்கள். காதால் கேளுங்கள். தொப்பென்று விழுகிறவன் முழங்காலை மடக்காமல் குதிகாலில் இறங்குகிறான். முன்பாதம் முதலில், அப்புறம் குதிகால், முழங்கால் மடங்கி, இடுப்பு தாழ்ந்து இறங்கினால் சத்தம் வராது. என் பிள்ளைகளுக்கு இது பெரிய விளையாட்டு. "மிஸ், கேட்டுச்சா?" என்பார்கள். கேட்டாலும் சில சமயம் கேட்கவில்லை என்று சொல்லிவிடுவேன்.

கே: கணுக்காலை மூடும் உயர ஷூ போட்டால் சுளுக்கு வராதாமே?
*- கல்லூரி மாணவி, கோவை*

ப: 1993-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 622 கல்லூரி ஆட்டக்காரர்களுக்கு உயரமானதும் தாழ்வானதுமாகப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தம் 15 பேருக்குக் கணுக்காலில் அடி. எந்த ஷூ என்பதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அமெரிக்க நட்சத்திர வீரர் கோபி பிரையன்ட் தாழ்வான ஷூ வேண்டும் என்று கேட்டு வாங்கி ஆடியவர். உனக்கு எது பிடிக்கிறதோ அதைப் போடு, ஆனால் கடைசி ஓட்டை வரை லேஸைக் கட்டு. அவிழ்ந்த லேஸோடு ஸ்டைலாகத் திரிவதெல்லாம் பஸ் ஸ்டாண்டில் வைத்துக்கொள்.

கே: நீங்கள் இப்போது என்ன ஷூ போடுகிறீர்கள்?
*- வாசகர், திருச்சி*

ப: வீட்டில் எலும்பு டாக்டர் சொன்ன மெத்துச் செருப்பு. கோர்ட்டுக்குப் போனால் எட்டு வருடப் பழைய ஷூ, இடது சோல் உள்பக்கமாகத் தேய்ந்தது. மேலே எழுதியதையெல்லாம் படித்துவிட்டு என் மருமகள் புதிது ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள். இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது.