திருமணத்தைப் பதிவு செய்யவில்லை என்றால் விவாகரத்துத் தேவையில்லையா?

கோயிலில் தாலி கட்டி நடந்த திருமணத்தைப் பதிவு செய்யாமல் விட்டுவிட்டோம், இப்போது இருவரும் மனமொத்துப் பிரிவதற்கு முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. என் தங்கையின் வாழ்க்கையில் அப்படி ஒரு தாளில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவளுக்கு 2007-இல் எங்கள் குலதெய்வக் கோயிலில் திருமணம் நடந்தது. ஐந்தாண்டுகளுக்குப் பிறகு இரு வீட்டுப் பெரியவர்களும் கூடி, "பதிவே இல்லாத கல்யாணத்துக்குக் கோர்ட் எதற்கு?" என்று பேசி முடித்து, இருபது ரூபாய்ப் பத்திரத்தில் விடுதலை எழுதி, நோட்டரி முத்திரையும் வாங்கினார்கள். மறுமணப் பேச்சு வந்தபோது அந்தப் பத்திரத்தைப் படித்துப் பார்த்த வழக்கறிஞர், "சட்டப்படி உங்கள் தங்கை இன்னும் அவருடைய மனைவிதான்" என்றார். அன்று அவள் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின்படி திருமணத்தை உண்டாக்குவது சடங்கு. பதிவு அதற்கு ஒரு சான்று மட்டுமே. பதிவு செய்யாததால் திருமணம் செல்லாமல் போகாது என்று 8-ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. தமிழ்நாட்டில் 1967-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்த 7-ஏ பிரிவின்படி, உற்றார் உறவினர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலும், மாலை மாற்றிக்கொண்டாலும், மோதிரம் அணிவித்தாலும், தாலி கட்டினாலும் திருமணம் செல்லும். அப்படி உண்டான உறவை முறிக்க நீதிமன்றத் தீர்ப்பாணை வேண்டும். சில சமூகங்களில் வழிவழியாக உள்ள 'தீர்த்துவிடும்' வழக்கத்தை 29-ஆம் பிரிவு ஏற்கிறது என்றாலும், அந்த வழக்கம் தொன்றுதொட்டு உள்ளது என்பதை ஆதாரத்தோடு நிரூபிக்க வேண்டும்; பஞ்சாயத்தார் சொன்னார்கள் என்பது மட்டும் நிற்காது. முறையாகப் பிரியாமல் மறுமணம் செய்தால் அந்தத் திருமணம் செல்லாது. ஏழாண்டு வரை சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. செல்லாத திருமணத்தில் மனைவி என்ற உரிமையை இழந்து நிற்பவள் பெண்தான் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

விவாகரத்துக்காக முதலில் திருமணத்தைப் பதிவு செய்யுங்கள் என்று சிலர் சொல்வார்கள், அது தேவையில்லை. திருமணம் நடந்ததைக் காட்டினால் போதும். எங்களிடம் இருந்த ஒரே தாலிகட்டுப் படத்தில், அட்சதை தூவிய கைகள் மாப்பிள்ளையின் முகத்தையே மறைத்திருந்தன. மூலையில் மஞ்சள் தடவிய அழைப்பிதழையும், முதல் பக்கத்தில் மணமக்கள் பெயரும் தேதியும் எழுதியிருந்த மொய் நோட்டையும், இருவர் பெயரும் இருந்த ரேஷன் அட்டையையும் பரணிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தோம். கணவரும் திருமணத்தை ஒப்புக்கொண்டதால் அதில் சிக்கல் எழவில்லை.

நீங்கள் இருவரும் சம்மதித்திருப்பதால் 13-பி பிரிவின்கீழ் கூட்டு மனு போடலாம். அதற்கு ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுவுக்குப் பிறகு ஆறு மாதக் காத்திருப்பு உண்டு. தக்க காரணம் இருந்தால் அதை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் கூறியிருக்கிறது. ஜீவனாம்சம், குழந்தை இருந்தால் அதன் பொறுப்பு, திருப்பித் தர வேண்டிய நகை ஆகியவற்றை அந்த மனுவிலேயே தெளிவாக எழுதிவிடுங்கள்.

தீர்ப்பாணை வந்ததும் சான்றிட்ட நகலை உடனே வாங்கி வையுங்கள். என் தங்கையின் இரண்டாம் திருமணத்தைப் பதிவு செய்யப் போனபோது, அலுவலகத்தில் முதலில் கேட்டது அந்த நகலைத்தான்.