மகளின் ‘கால் கிராண்ட்’ (Cal Grant) கணக்கில் ஜி.பி.ஏ. சேராதது பற்றி

வணக்கம் ஐயா. கலிஃபோர்னியாவில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் தங்கள் மகளுக்காக, கல்லூரி நிதியுதவி கோரும் மத்திய அரசுப் படிவமான ஃபாஃப்சா (FAFSA) விண்ணப்பத்தை அனுப்பிய பிறகும், மாநிலத்தின் கல்லூரி உதவித்தொகையான ‘கால் கிராண்ட்’ கணக்கில் ஜி.பி.ஏ. (பள்ளி மதிப்பெண் சராசரி) இல்லை என்றே காட்டுவதாக எழுதியிருந்தீர்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாக இதற்குப் பொருள் இல்லை, கவலை வேண்டாம்.

ஃபாஃப்சா மாணவர் தரப்பிலிருந்தும், ஜி.பி.ஏ. பெரும்பாலும் பள்ளியிலிருந்தும் தனித்தனியே, இந்த உதவித்தொகையை நிர்வகிக்கும் மாநில ஆணையத்தைச் சென்றடைகின்றன. பெயர், பிறந்த தேதி போன்ற விவரங்கள் பொருந்தினால்தான் இரண்டும் ஒன்றாக இணைக்கப்படும். நம் குடும்பங்களில் தந்தையின் பெயர் ஓர் ஆவணத்தில் கடைசிப் பெயராகவும் மற்றொன்றில் வெறும் முன்னெழுத்தாகவும் இருப்பது வழக்கம் என்பதால், எனக்கு முதலில் தோன்றும் சந்தேகம் அதுதான்.

ஆகவே, ஜி.பி.ஏ.யை எந்தப் பெயரில், எந்தப் பிறந்த தேதியுடன் அனுப்பினார்கள் என்று பள்ளி ஆலோசகரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். பள்ளிப் பதிவில் பிழை இருந்தால் அவர்கள் திருத்தி மீண்டும் அனுப்பலாம். பிழை ஃபாஃப்சாவில் இருந்தால், புதிதாக விண்ணப்பிக்காமல் அதிலேயே திருத்தம் செய்யலாம். வழக்கமான கடைசி நாளான மார்ச் 2-க்குள் இரண்டுமே சேர வேண்டும் என்பதால், தயவுசெய்து நாளைக்கே பள்ளியைத் தொடர்பு கொள்ளுங்கள். அனுப்பியதற்கான சான்றையும் பத்திரப்படுத்துங்கள்.