வாசகர் கேள்விகள்: ஆப்கன் ஆஸ்பத்திரிக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்?

கேள்வி: தாலிபான் ஆட்சி நடக்கும் ஆப்கானிஸ்தானில் ஆஸ்பத்திரிகளுக்கு வெளிநாடுகள் எதற்குப் பணம் கொடுக்க வேண்டும்? அது கடைசியில் அவர்கள் கைக்குத்தானே போகும்?

பதில்: நிறையப் பேருக்கு இருக்கிற சந்தேகம்தான். முதலில் பணம் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். 2003-லிருந்து அங்கே ஒரு விசித்திரமான ஏற்பாடு: உலக வங்கி, அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம் பணம் தரும், மாகாணம் மாகாணமாக ஒப்பந்தம் எடுத்துத் தொண்டு நிறுவனங்கள் கிளினிக் நடத்தும். பின்னாளில் ‘செஹத்மந்தி’ என்ற பெயரில் 34 மாகாணங்களில் 31-ல் இது ஓடியது. சண்டை நடந்த இடங்களில்கூடக் கிளினிக் திறந்திருந்ததற்கு, அந்த நிறுவனங்கள் அரசு, தாலிபான் என இரண்டு தரப்போடும் பேசி வைத்திருந்ததும் ஒரு காரணம். அப்போது பணம் பெரும்பாலும் அரசுக் கஜானா வழியாகப் போனது. 2021-க்குப் பிறகு அந்த வழியை அடைத்துவிட்டு, யுனிசெஃப், உலக சுகாதார நிறுவனம் மூலமாக நேரே தொண்டு நிறுவனங்களுக்குப் போகிறது. தலையீடே இல்லை என்று சொல்ல மாட்டேன், இன்னாரை வேலைக்கு எடு என்று உள்ளூர் அதிகாரிகள் நெருக்குவதெல்லாம் உண்டு. அதற்காக மொத்தமாக நிறுத்து என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேள்வி: ஒருமுறை நிறுத்தினார்களே, என்ன ஆயிற்று?

பதில்: 2021 ஆகஸ்டில் தலைநகர் காபூல் தாலிபான் கையில் விழுந்ததும் நன்கொடையாளர்கள் பணத்தை நிறுத்தினார்கள். செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் சொன்ன கணக்கு, செஹத்மந்தி மருத்துவ நிலையங்களில் முழுதாக இயங்குவது 17 சதவீதம் மட்டுமே. கட்டடம் எங்கேயும் ஓடிவிடவில்லை, சம்பளமும் மருந்தும்தான் நின்றன.

ஊட்டக்குறைவுக்கான சிகிச்சையையே எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் மேல்கையில் ஒரு வண்ண நாடாவைச் சுற்றுவார்கள். சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் கீழே, அதாவது சிவப்பில் வந்தால், நிலைமை மோசம். வேறு சிக்கல் இல்லையென்றால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டாம், பிய்த்து அப்படியே ஊட்டுகிற வேர்க்கடலைப் பசை பாக்கெட்டுகளை அம்மாவிடம் கொடுத்து அனுப்பலாம், ஒன்றில் 500 கலோரி. ஆனால் குழந்தையை மறுபடி மறுபடி வரவழைத்து எடை பார்த்து, தேறுகிறதா என்று கவனித்துக்கொண்டே இருக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு மாசக்கணக்கில் சம்பளம் தராமல் பாக்கெட்டை மட்டும் விமானத்தில் இறக்கி என்ன பயன்?

அப்புறம் செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு உள்ளே வந்து 33 ஆஸ்பத்திரிகள் வரை தாங்கிப் பிடித்தது: சம்பளம், மருந்து, ஜெனரேட்டருக்கு டீசல் எல்லாம். அவர்களுக்கும் பணம் போதவில்லை, 2023 ஆகஸ்டோடு அதில் 25-ஐக் கைவிட்டார்கள். 2025-ல் அமெரிக்கா உதவியை வெட்டியதும் நாடு முழுக்க மறுபடி கிளினிக்குகள் மூடின.

கேள்வி: ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு அரசாங்கங்களிடம் கை நீட்டாமலே நடத்துகிறதாமே, எல்லாரும் அப்படிச் செய்யலாமே?

பதில்: அவர்களுக்குப் பணம் பெரும்பாலும் தனி மனிதர்களிடமிருந்து வருகிறது, அதனால் அரசியல் மாறினாலும் உடனே ஆட்டம் காண்பதில்லை. ஆப்கானிஸ்தானின் லஷ்கர்கா நகரில் அவர்கள் உதவியோடு பெரிய ஆஸ்பத்திரியே நடக்கிறது. ஆனால் ஒரு நாட்டின் கிராமத்துக் கிளினிக் அத்தனையையும் அப்படி நடத்த முடியாது. சுதந்திரமாக இருந்தால் குண்டு விழாது என்றும் இல்லை, குந்தூஸ் நகரில் 2015 அக்டோபர் 3 அன்று அவர்களுடைய ஆஸ்பத்திரியை அமெரிக்க விமானம் தாக்கியதில் 42 பேர் செத்தார்கள்.

கேள்வி: சரி, பணம் தடையில்லாமல் வந்தால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

பதில்: தீராது. அங்கே பல குடும்பங்கள் பிரசவத்துக்கு ஆண் டாக்டரிடம் போகச் சம்மதிக்காது. தொண்டு நிறுவனங்களில் பெண்கள் வேலை பார்க்க 2022 டிசம்பரில் தடை வந்தபோது, மருத்துவத்துக்கு மட்டும் ஒருவழியாக விலக்கு வாங்கினார்கள். 2024 டிசம்பரில் பெண்கள் நர்ஸ், மருத்துவச்சி பயிற்சிக்குப் போவதையும் தாலிபான் நிறுத்திவிட்டது. இப்போது வேலையில் இருக்கும் மருத்துவச்சிக்கு வெளிநாட்டுப் பணத்தில் சம்பளம் கொடுத்துவிடலாம், அவர் ஓய்வு பெற்றால் அந்த இடத்துக்கு யாரைப் போடுவது என்று எந்த நன்கொடையாளரிடமும் பதில் கிடையாது.