சாப்பிடாத வேளையில் எந்த இன்சுலினை நிறுத்தலாம்?

கேள்வி: என் தந்தைக்கு 58 வயது. காலையும் இரவும் 30/70 கலவை இன்சுலின் போட்டுவந்தவருக்கு, இப்போது மருத்துவர் இரவில் கிளார்ஜினும் மூன்று வேளை உணவுக்கு முன் அஸ்பார்ட்டும் எழுதியிருக்கிறார். ஊசியின் எண்ணிக்கையைக் குறைக்க இரண்டையும் கலந்து போடலாமா? சாப்பிடாத வேளையில் எதை விடுவது?

பதில்: கலக்கவே கூடாது. கிளார்ஜின் அமிலத்தன்மை உள்ள கரைசல்; தோலுக்கடியில் சென்றதும் நுண்ணிய படிவாக மாறி, அதிலிருந்து சிறிது சிறிதாகக் கரைந்து ஏறத்தாழ 24 மணி நேரம் வேலை செய்கிறது. வேறு இன்சுலினுடன் சேர்த்தால் இந்த ஒழுங்கு கெட்டுவிடும்.

நாம் சாப்பிடாதபோதும் கல்லீரல் இரத்தத்தில் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கும். அதைக் கட்டுக்குள் வைப்பது கிளார்ஜின். அஸ்பார்ட் உணவால் ஏறும் சர்க்கரைக்கானது. கால் மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் அடங்கிவிடும். ஆகவே ஒரு வேளை உணவைத் தவிர்த்தால் அந்த வேளை அஸ்பார்ட்டை மட்டும் விட வேண்டும். கிளார்ஜினைத் தாமாக நிறுத்தக் கூடாது. காய்ச்சலின்போது, சாப்பாடு இறங்காவிட்டாலும், சர்க்கரை ஏறக்கூடும் என்பதால், அடிக்கடி பரிசோதித்து மருத்துவரிடம் கேட்டே அளவை மாற்றுங்கள்.

பழைய கலவை மருந்தில் இந்த வசதி இல்லை. அதிலுள்ள 70 சதவீதம், நான்கு மணி நேரத்துக்குப் பின் உச்சத்தை எட்டும் என்.பி.ஹெச். என்னும் நடுத்தர நேரம் வேலை செய்யும் இன்சுலின் என்பதால், காலையில் போட்டுவிட்டு மதிய உணவைத் தள்ளிப்போட்டால் தாழ்சர்க்கரை வந்துவிடும். நேரம் தவறாமல் சாப்பிடுபவர்களுக்கு அது இன்றும் நல்ல மருந்துதான், விலையும் குறைவு.

என்னை உண்மையில் கவலைப்படுத்துவது வேறு. கலவை மருந்து கலங்கலாக இருக்கும். புதிய இரண்டுமோ தண்ணீர்போலத் தெளிந்தவை. இரவில் கிளார்ஜின் என்று நினைத்து அதே அளவு அஸ்பார்ட்டைப் போட்டுவிட்டால் தூக்கத்திலேயே சர்க்கரை ஆபத்தாக இறங்கிவிடும். இரண்டையும் தனித்தனி இடத்தில் வைத்து, பெயரைப் படித்த பின்னரே போடச் சொல்லுங்கள். இன்சுலின் பேனாவுக்குப் பதில் குப்பி வாங்கினால், அதில் ஒரு மில்லிக்கு 40 யூனிட்டா 100 யூனிட்டா என்று பாருங்கள். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடியுள்ள 40 யூனிட் சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை எடுத்தால், உடலுக்குள் போவது 25 யூனிட். வீட்டில் மிஞ்சியிருக்கும் பழைய சிரிஞ்சுகளை இன்றே அப்புறப்படுத்திவிடுங்கள்.